மாதிரி வண்டியின் குரோம் பூச்சு: குறை எந்த அடுக்கில் இருக்கிறது, எப்படித் திருத்துவது

பழைய வடஆர்க்காடு மாவட்டத்தில் ‘குரோம்’ என்று சொன்னால் பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது தோல்தான். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிடப் பயன்படும் குரோமிய உப்பையும், அதில் ஊறி வெளிர்நீல நிறத்தோடு வெளியே வரும் ஈரத்தோலையும் அறிந்து வளர்ந்தவர்கள் நாம். அடுத்ததாக நினைவுக்கு வருவது மோட்டார் சைக்கிளின் சைலன்சர். இவை தவிர மூன்றாவதாக ஒரு குரோம் உண்டு: 1:24 அளவிலான, அதாவது உண்மையான காரில் 24-இல் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் கார் மாதிரிகளின் பம்பருக்கும் முகப்புக் கிரில்லுக்கும் சக்கர மூடிக்கும் பூசப்படுகிற, சிறு குப்பியில் விற்கும் குரோம் பெயிண்ட். பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றே என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணத்தோடு இந்தப் பூச்சில் விழுந்த புள்ளியையோ மங்கலையோ சரிசெய்யப் போனால் குறை பெரிதாகிறதே தவிர மறைவதில்லை.

சத்துவாச்சாரியில் மாடி அறையொன்றில் நான் முதன்முதலாகக் குரோம் பூசிய பம்பரில் ஒரே ஒரு தூசிப் புள்ளி இருந்தது. சுவரில் கறை தெரிந்தால் இன்னொரு கை சுண்ணாம்பு அடித்து மறைப்பதைப் போல, அந்தப் புள்ளியின் மேல் மூன்று முறை பூசினேன். புள்ளி மறையவில்லை, பம்பர் முழுவதும் பழைய அலுமினியப் பாத்திரத்தின் நிறத்துக்கு மங்கிப்போனது. எங்கே தவறினேன் என்பது புரியப் பல மாதங்கள் ஆயின. இந்தப் பூச்சு ஒரு நிறம் அன்று, தனக்குக் கீழே இருப்பதை அப்படியே காட்டும் ஒரு மெல்லிய உலோகத் தோல். ஆகவே திருத்தும் வேலை குறை எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் தொடங்க வேண்டும். இதை முதலிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நல்லதாக இருந்திருக்கும் என்பதால், இப்போதுதான் இந்த வேலையைத் தொடங்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

ஒரே பெயரில் மூன்று பொருள்கள்

குரோமியம் என்ற தனிமத்தை 1797-இல் கண்டறிந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி நிகோலா வோக்லான். அதன் சேர்மங்கள் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு எனப் பல நிறங்களில் இருந்ததால், நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. தோல் பதனிடும் தொட்டியில் இருப்பது இந்தத் தனிமத்தின் உப்பு. அது தோலின் நார்களைப் பிணைத்து அழுகாமல் காக்கிறதே தவிர, அதற்கும் பளபளப்புக்கும் தொடர்பில்லை.

சைலன்சரில் இருப்பது உண்மையான குரோமிய உலோகம். மின்முலாம் பூசும் தொட்டியில் இரும்பின் மேல் முதலில் நிக்கல் படிய வைக்கப்படுகிறது. அதன் மேல் ஏறும் குரோமியம் பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டுவதில்லை. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு. முலாம் ஏற்றுவதற்கு முன்பே இரும்பு மழமழவென்று தேய்க்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு கோடும் முலாமின் மேல் தெரியும் என்பதை மட்டும் இங்கே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி வண்டிக்கான குப்பியிலோ குரோமியம் இல்லை. அதில் இருப்பது அலுமினியம். அலுமினியம் தன் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. குரோமியம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் அனுப்புகிறது. எனவே, உங்கள் பூச்சு கண்ணாடியைவிடச் சற்றே கருமையாக இருந்தால் அதைக் குறை என்று எண்ண வேண்டாம். உண்மையான பம்பரும் அப்படித்தான் இருக்கிறது. வெள்ளிக் கிண்ணம் போல வெளுத்துத் தெரியும் பம்பரைவிட அதுவே இயல்பானது என்பது என் கருத்து.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது

வேலூர்க் கோட்டை அகழியைக் காற்றில்லாத காலை வேளையில் பார்த்தால், மதிலின் கற்கள் வரிசை பிசகாமல் தண்ணீரில் தெரியும். சிறிது காற்று வீசினால் அந்தப் பிம்பம் கலைந்து வெறும் வெளிச்சமாகிவிடும். தண்ணீர் அதே தண்ணீர்தான், அதன் நிறமும் மாறவில்லை. மேற்பரப்பின் வடிவம் மட்டும் மாறியிருக்கிறது. சமமான பரப்பில் பட்ட ஒளிக்கதிர்கள் ஒரே ஒழுங்கில் திரும்புவதைப் பள்ளிப் பாடநூல்கள் ஒழுங்கான எதிரொளிப்பு என்கின்றன. மேடுபள்ளமான பரப்பில் பட்டுப் பல திசைகளில் சிதறுவது ஒழுங்கற்ற எதிரொளிப்பு. முன்னது பிம்பத்தைத் தருகிறது, பின்னது வெறும் வெண்மையையோ சாம்பல் நிறத்தையோ தருகிறது.

காய்கறிக் கடையிலும் இதைக் காணலாம். பறித்த அன்றைய இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயின் தோலில் கடை விளக்கின் ஒளி ஒரு கோடாக நிற்கும். நான்கு நாள் கழித்துத் தோல் சுருங்கிய பிறகு ஊதா நிறம் இருக்கும், அந்தக் கோடு இருக்காது.

எவ்வளவு சமமாக இருந்தால் போதும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. நாம் காணும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. மேடுபள்ளங்கள் அதைவிட மிகச் சிறியவையாக இருந்தால்தான் பிம்பம் கலையாமல் நிற்கும். பெயிண்டர்கள் ‘வாட்டர் பேப்பர்’ என்று சொல்லும் நீர் ஊற்றித் தேய்க்கும் தாளில் 2000 எண் தாள் மிக நைசானது என்று கருதுகிறோம். அதன் துகளே ஏறக்குறைய 10 மைக்ரான் இருக்கும். அந்தத் தாளால் தேய்த்த பிளாஸ்டிக் விரலுக்கு வெண்ணெய் போல இருந்தாலும், ஒளிக்கு அது உழுத நிலம்தான்.

குப்பிக்குள் இருப்பது என்ன

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சில்வர் பெயிண்டிலும் அலுமினியம்தான் இருக்கிறது. அப்படியானால் அது ஏன் கண்ணாடி போல ஆவதில்லை? விடை துகளின் வடிவத்தில் இருக்கிறது. சாதாரண சில்வரில் உள்ள துகள்கள் தடித்தவை, ஓரம் கிழிந்தவை. குப்பையாகக் கூட்டிவைத்த சருகுகள் போல அவை ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒளியை ஒவ்வொரு பக்கம் அனுப்புகிறது.

தரமான குரோம் பெயிண்டில் இருப்பவை வேறு வகைச் செதில்கள். காற்றகற்றிய கலத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி ஒரு வழுவழுப்பான படலத்தின் மேல் படியவைத்து, பிறகு அதை உரித்து நொறுக்கி இவற்றைச் செய்கிறார்கள். அகலம் பத்து மைக்ரான் அளவில் இருந்தாலும் தடிமன் மைக்ரானில் நூற்றில் சில பங்குகள்தான். குளத்து நீரில் தாமரை இலைகள் படுத்திருப்பதைப் போல இவை அடித்தளத்தின் மேல் தட்டையாகப் படுத்து, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பரப்பாகின்றன. இனி இக்கட்டுரையில் ‘செதில்’ என்று சொன்னால் இந்த அலுமினியத் துணுக்கையே குறிக்கும்.

இவ்வளவு மெல்லிய படலம் தனக்குக் கீழே உள்ள எதையும் நிரப்பவோ மறைக்கவோ இயலாது. ஸ்ரீபுரம் பொற்கோயிலில் செதுக்கு வேலை செய்த செப்புத் தகடுகளின் மேல் தங்கத் தகடு போர்த்தியிருக்கிறார்கள். தங்கம் மெல்லியது என்பதால்தான் செம்பில் உள்ள ஒவ்வொரு இதழும் கொடியும் மழுங்காமல் தெரிகின்றன. அங்கே அழகைக் காட்டும் அதே இயல்பு, நம் பம்பரில் அடியில் கிடக்கும் தூசியைக் காட்டுகிறது. அதுமட்டுமன்றி, 1:24 அளவில் 0.1 மில்லிமீட்டர்த் தூசி உண்மையான காரில் 2.4 மில்லிமீட்டர்க் கட்டிக்குச் சமம்.

கறுப்பின் மேல் ஏன் பூசுகிறோம்

அணைத்து வைத்த கைபேசியின் திரையில் முகம் தெரிகிறது. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்தால் தெரிவதில்லை. கண்ணாடி ஒன்றுதான். பின்னால் இருள் இருக்கும்போது முன்னால் திரும்பும் ஒளி மட்டும் கண்ணை அடைகிறது. செதில்களின் இடைவெளி வழியாகக் கீழே இறங்கும் ஒளியை வெள்ளை அடித்தளம் சிதறடித்துத் திருப்பி அனுப்பிப் பிம்பத்தை வெளிறச் செய்யும், கறுப்பு விழுங்கிவிடும். ஆனால் கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது, அது எண்ணெய் போலப் பளபளக்கும் கறுப்பாகவும் இருக்க வேண்டும். மங்கலான கறுப்பின் மேல் எந்த விலையுயர்ந்த குரோம் பூசினாலும் சாம்பல்தான் கிடைக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால், ஒரு குரோம் பாகத்தில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன: பிளாஸ்டிக், அதன் மேல் பளபளப்பான கறுப்பு, அதன் மேல் செதில் படலம். பளபளப்பின் பெரும்பகுதி நடு அடுக்கின் சமதளத்திலிருந்து வருகிறது. மேல் அடுக்குக்கு எதையும் மறைக்கும் ஆற்றல் இல்லை.

டியூப் லைட் சோதனை

குறை எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு டியூப் லைட் போதும். பாகத்தைக் கையுறை அணிந்த விரல்களால் ஓரத்தில் பிடித்து, பூச்சில் தெரியும் டியூப் லைட்டின் பிம்பத்தை மெல்ல நகர்த்திப் பாருங்கள். பூச்சைப் பார்க்காமல் பிம்பத்தைப் பார்ப்பதுதான் இதன் நுட்பம்.

பிம்பத்தின் விளிம்பு அலையலையாக நெளிந்தால் கறுப்பு அடுக்கு சாத்துக்குடித் தோல் போலப் புள்ளிக்குழிகளோடு உலர்ந்திருக்கிறது என்று பொருள். துளிகள் தரையிறங்கிப் பரவி ஒன்றாவதற்குள் உலர்ந்துவிட்டால் இந்தக் குறை வரும். விளிம்பு நேராக இருந்து, பிம்பம் முழுவதும் பனி மூடியது போலிருந்தால் குறை பெரும்பாலும் செதில் அடுக்கில் இருக்கிறது. பிம்பம் ஓரிடத்தில் மட்டும் சிறு வட்டமாக வளைந்து மறுபடி சேர்ந்தால் அங்கே தூசி இருக்கிறது. மயிரிழை போன்ற கோடுகள் தெரிந்தால் அவை பிளாஸ்டிக்கைத் தேய்த்தபோது விழுந்து, பிறகு மெருகேற்றப்படாமல் விட்ட கீறல்கள். பாகத்தின் குறுக்கே ஒரே நேரான மெல்லிய மேடு தெரிந்தால் அது வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த தடம். அதைப் பூச்சுக்கு முன்பே இழைத்திருக்க வேண்டும்.

தூசிப் புள்ளியை எடுப்பது

இதுவே மிகுதியாக வரும் குறை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதல் விதி, ஈரமாக இருக்கும்போது தொடாதிருப்பது. தூசியை ஊசியால் எடுத்துவிடலாம் என்று தோன்றும். எடுத்த இடத்தில் புள்ளியைவிடப் பெரிய பள்ளம் விழும்.

முழுவதும் உலர்ந்த பிறகு, புள்ளி செதில் அடுக்கில் உள்ளதா, கறுப்பில் புதைந்ததா என்று பாருங்கள். மேலோட்டமாக அமர்ந்த தூசியாக இருந்தால் மென்மையான பருத்தித் துணியின் நுனியால் ஒருமுறை இலேசாக ஒற்றினாலே போய்விடலாம். போகவில்லையென்றால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முயல வேண்டாம். சமதளப் பரப்பில் ஒட்டுப்போட்ட குரோமின் எல்லை, புடவையில் விழுந்த எண்ணெய்க் கறையின் எல்லையைப் போல எப்போதும் தெரியும். அந்தப் பாகத்தில் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை உள்ள முகம் முழுவதையும் திருத்துவதே நன்று. எல்லைக்கோடு பாகத்தின் விளிம்பில் போய் மறைந்துவிடும்.

2000 எண் வாட்டர் பேப்பரைச் சிறு துண்டாக வெட்டி, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு துளி கலந்த தண்ணீரில் நனைத்து, அழுத்தமின்றித் தேயுங்கள். செதில் படலம் சில நொடிகளில் போய்க் கறுப்பு வெளிப்படும். புள்ளி சமமாகும் வரை கறுப்பைத் தேய்த்து, பிறகு அதைவிட நைசான தாளுக்கு மாறி, கடைசியில் பாலிஷிங் கம்பவுண்டால் மெருகேற்ற வேண்டும். கார்களுக்கு டிங்கரிங் பெயிண்டிங் செய்யும் பட்டறைகளில் பயன்படுத்தும் அதே பொருள்தான். ஆனால் கரடுமுரடான ரப்பிங் கம்பவுண்டை வாங்கிவிடாமல், இறுதி மெருகுக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். டியூப் லைட்டின் பிம்பம் கறுப்பிலேயே நேராகத் தெரிய வேண்டும். கறுப்பு தேய்ந்து பிளாஸ்டிக் வெளிப்பட்டுவிட்டால் தயங்காமல் மீண்டும் கறுப்பு பூசுங்கள். பிறகு சோப்பு நீரில் கழுவி, உலரவிட்டு, விரல் படாமல் குரோம் ஏற்ற வேண்டும்.

தூசி மறுபடி வராதிருக்க ஒரு வார்த்தை. பிளாஸ்டிக்கை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் நிலைமின்னூட்டம் ஏறி, அறையில் உள்ள தூசியெல்லாம் அதைத் தேடி வரும். சற்றே ஈரமான, நூல் உதிராத துணியால் துடைப்பது நல்லது. கோடையில் பூசுவதற்குச் சற்று முன்னால் தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் புழுதி அடங்கும். பூசி முடித்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடலாம்.

சாம்பல் மங்கல்: நான்கு காரணங்கள்

பனி மூடியது போன்ற மங்கலுக்குக் காரணம் பல என்பதால், அதற்குத் தரப்படும் அறிவுரைகளும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. ‘இன்னும் பூசு’ என்பவரும் உண்டு, ‘குறைவாகப் பூசு’ என்பவரும் உண்டு.

முதலாவது, மிகையாகப் பூசுவது. செதில்கள் ஓர் அடுக்காகப் படுத்திருக்கும் வரை அவை கண்ணாடி. அதற்கு மேல் விழுபவை கீழே உள்ளவற்றின் மேல் கோணலாக அமர்ந்து, சாதாரண சில்வரின் நிலைக்குத் திரும்புகின்றன. என் பம்பருக்கு நேர்ந்தது இதுதான். ஆல்கிளாட் போன்ற லாக்கர் வகைக் குரோமை, காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் சிறு கருவியான ஏர்பிரஷில் 12 முதல் 15 பிஎஸ்ஐ என்னும் குறைந்த அழுத்தத்தில், மூச்சுவிட்ட கண்ணாடியில் படியும் ஆவியளவுக்கு மெல்லிய சுற்றுகளாகப் பூசுகிறோம். லாக்கர் என்பது அதிலுள்ள கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலரும், அதே கரைப்பானில் மறுபடி கரையும் பூச்சு. கறுப்பு மறைந்து கண்ணாடி தோன்றும் கணத்திலேயே நிறுத்திவிட வேண்டும். ‘இன்னும் ஒரு சுற்று’ என்ற ஆசைதான் பூச்சைக் கெடுக்கிறது.

இரண்டாவது, கறுப்பு இறுகுவதற்கு முன் குரோம் ஏற்றுவது. உலர்தல் வேறு, இறுகுதல் வேறு. மாடியில் காயும் கூழ் வடாம் மேலே தொட்டால் ஒட்டாது. திருப்பினால் அடிப்பக்கம் ஈரமாக இருக்கும். மெதுவாக இறுகும் பெயிண்ட் வகையான எனாமலில் கறுப்பும் அப்படித்தான்: ஒரே நாளில் கைக்கு ஒட்டாத நிலைக்கு வந்தாலும் உள்ளே இறுகப் பல நாட்கள் எடுக்கும். முகர்ந்து பாருங்கள், பெயிண்ட் வாடை சிறிதளவு இருந்தாலும் காத்திருங்கள். அவசரப்பட்டால் குரோமின் கரைப்பான் கறுப்பை இளக்கி, செதில்களை அதற்குள் மூழ்கடித்துவிடும். சில சமயம் பூச்சு முழுவதும் வலைப்பின்னலாக வெடித்தும் போகும். அப்படி வெடித்ததைத் தேய்த்துச் சரிசெய்ய இயலாது, பிளாஸ்டிக் வரை கழற்றித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவதும் நான்காவதும் நம் ஊர் வானிலையோடு சேர்ந்தவை. அக்கினி நட்சத்திர நாட்களில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, ஏர்பிரஷிலிருந்து கிளம்பிய துளி பாகத்தை அடைவதற்குள் காய்ந்து பொடியாகிவிடுகிறது. பொடியாக வந்த செதில் தட்டையாகப் படுக்க வழியில்லை. விழுந்த கோணத்திலேயே ஒட்டிக்கொள்ளும். விரலால் தடவினால் சுண்ணாம்பு போல நெறுநெறுக்கும். இதற்குத் தீர்வு, விடிந்து வெயில் ஏறுவதற்கு முன் பூசுவதும், ஏர்பிரஷைப் பாகத்துக்குச் சற்று அருகில் கொண்டுசெல்வதும்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் நேர்வது இதற்கு எதிரானது. குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் பரப்பையும் அப்படியே குளிரச் செய்கிறது. மண்பானை நீரைக் குளிர்விப்பதும் இதே வழியில்தான். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நுண்ணிய நீர்த்துளிகள் படிந்து, ஈரப் பூச்சுக்குள் சிக்கிப் பால் போல வெளுக்கும். கறுப்பு லாக்கரில் இவ்வாறு வெளுத்தால், காற்று உலர்ந்த ஒரு நாளில், மெதுவாக ஆவியாகும் தின்னரை மட்டும் மிக இலேசாகத் தூவினால் பூச்சு சற்றே இளகி நீரை வெளியே விட்டுத் தெளிவது உண்டு. செதில் அடுக்கில் அந்த வைத்தியம் செல்லாது. இளகினால் செதில்கள் புரண்டுவிடும். கோடையில் நல்லதாகச் சொன்ன தரையில் நீர் தெளிக்கும் பழக்கத்தையும் மழைக்காலத்தில் விட்டுவிட வேண்டும்.

ஆகவே, மங்கலைக் கண்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: எத்தனை சுற்று பூசினோம், கறுப்புக்கு எத்தனை நாள் கொடுத்தோம், அன்றைக்கு வெயிலா மழையா? பூச்சு வெடிக்காமல் மங்க மட்டும் செய்திருந்தால், நான்கில் எந்தக் காரணமாக இருந்தாலும் செதில் அடுக்கை நீக்கிவிட்டு மீண்டும் பூசுவதே வழி.

பழைய பூச்சைக் கழற்றுவது

இங்கே ஒரு தவறு பாகத்தையே அழித்துவிடும். பெரும்பாலான மாதிரிகள் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனும், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்சி தின்னரும், பெட்ரோலும் பாலிஸ்டைரீனை இளக்கி உருக்குலைத்துவிடும். மருத்துவமனைகளில் பயன்படும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அதை ஒன்றும் செய்யாது. மொலோட்டோவ் போன்ற பேனா வகைக் குரோம் ஆல்கஹாலில் கரையக்கூடியது. அதில் நனைத்த பஞ்சால் துடைத்தாலே பெரும்பாலும் போய்விடும். கீழே உள்ள கறுப்பு அக்ரிலிக்காக இருந்தால் அதுவும் சேர்ந்து வரக்கூடும் என்பதால், மறைவான ஓரத்தில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கிட்டுடன், அதாவது மாதிரியின் பாகங்கள் அடங்கிய பெட்டியுடன், வரும்போதே குரோம் ஏற்றியிருக்கும் பாகங்கள் வேறு வகை. அவற்றில் இருப்பது பெயிண்ட் அன்று. காற்றகற்றிய கலத்தில் நேரடியாகப் படியவைத்த அலுமினியம். துணி வெளுக்கும் குளோரின் பிளீச்சில் ஊறவைத்தால் அலுமினியம் கரைந்துவிடும். அப்போது கீழே மினுமினுப்பான ஒரு வார்னிஷ் அடுக்கு வெளிப்படும். அது சமமாக இருந்தால் விட்டுவிடலாம், தடித்து நுணுக்கங்களை மூடியிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து நீக்க முயலலாம். பிளீச்சை வேறு எந்தத் திரவத்தோடும், குறிப்பாகக் கழிவறை கழுவும் ஆசிட்டோடு, ஒருபோதும் சேர்க்கக் கூடாது. உயிருக்கே தீங்கான குளோரின் வாயு கிளம்பும். லாக்கர் பூசும்போதும் சாதாரணத் துணி முகக்கவசம் போதாது. கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டி கொண்ட முகக்கவசம் வேண்டும், சன்னலும் திறந்திருக்க வேண்டும்.

வெட்டிய இடத்தில் தெரியும் வெள்ளைப் புள்ளி

குரோம் ஏற்றிய பாகங்களை, அவை கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்தால், வெட்டிய இடத்தில் பிளாஸ்டிக் தெரியும். பலர் இதற்காகப் பாகம் முழுவதையும் கழற்றி மறுபடி பூசுகிறார்கள். புள்ளி பம்பரின் பின்புறத்திலோ அடியிலோ இருந்தால் அது வீண் வேலை. சமதளத்தில் ஒட்டுப்போடாதீர்கள் என்று முன்னே சொன்னேன். விளிம்பில் உள்ள புள்ளி அதற்கு விலக்கு, ஏனெனில் விளிம்பில் பிம்பம் எதுவும் நிற்பதில்லை. வெட்டிய இடத்தைச் சமமாக இழைத்து, குரோம் பேனாவின் முனையால் ஒரு சிறு சொட்டை வைத்துத் தானே பரவ விட்டுவிடுங்கள். தடவினால் கோடு விழும்.

அகலமான, தட்டையான பரப்பில் புள்ளி விழுந்தால், பின்புறம் பசை கொண்ட மெல்லிய உலோகத் தாளை ஒட்டுவது பெயிண்டைவிட நல்ல பலன் தரும். பேர் மெட்டல் ஃபாயில் என்ற பெயரில் அது விற்கப்படுகிறது. பஞ்சு நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி, புதிய பிளேடால் வெட்ட வேண்டும்.

மேலே கிளியர் அடிக்கலாமா

கிளியர் என்பது பாதுகாப்புக்காக மேலே பூசும் நிறமற்ற பூச்சு. வண்டி உடலின் பெயிண்டுக்கு அது மெருகைக் கூட்டுகிறது. குரோமுக்கோ பெரும்பாலும் மெருகைக் குறைக்கிறது. கிளியரில் உள்ள கரைப்பான் செதில்களைப் பிடித்திருக்கும் சிறிதளவு பிசினை இளக்குகிறது, தட்டையாகப் படுத்திருந்தவை எழுந்து சாய்கின்றன. இப்படி மங்கியதைத் தேய்த்துத் திரும்பப் பெற இயலாது. தண்ணீர் வகைக் கிளியரை மிக மெல்லியதாக அடித்தால் இழப்பு குறையும், ஆனாலும் இழப்பு உண்டு. பட்டறைகளில் அடிக்கும் இரண்டு பாகம் கலந்த கிளியரில் மூச்சுக்குழாயைத் தாக்கும் ஐசோசயனேட் இருப்பதால் வீட்டில் அதை முயலவே வேண்டாம். அலமாரியில் நிற்கப்போகும் வண்டிக்குக் கிளியர் தேவையில்லை என்பதே என் தீர்மானம். கைபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். விரலின் எண்ணெயும் வியர்வையும் கிளியர் இல்லாத குரோமை விரைவில் மங்கவைக்கும். அதனால் குரோம் பாகங்களை எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியாகப் பொருத்துகிறோம்.

பொருத்தும்போது நேரும் குறை ஒன்று மிச்சமிருக்கிறது. ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையின் ஆவி, அருகில் உள்ள குரோமின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் போலப் படியும். பிளாஸ்டிக் சிமெண்டோ பூச்சின் மேல் பிடிக்காது, பூச்சைக் கரைத்து மட்டும் வைக்கும். பாகம் ஒட்ட வேண்டிய இடத்தில் மட்டும் குரோமைச் சுரண்டிவிட்டு, மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையையோ இரண்டு பாக எப்பாக்சியையோ குண்டூசி முனையால் வையுங்கள். பசை பிடிக்கும் வரை பாகத்தைக் காகித டேப்பால் கட்டி நிறுத்தலாம். ஆனால் டேப்பின் ஒட்டும் பக்கம் குரோமின் மேல் படாமல், உடலின் பெயிண்டிலேயே தொடங்கி அதிலேயே முடிய வேண்டும், ஏனெனில் உரிக்கும்போது செதில்களும் டேப்போடு சேர்ந்து வந்துவிடும்.